மொட்டை டயர்

சுண்டுவுக்குப் பத்து வயது. வகுப்பிலேயே குட்டையாக இருந்ததால் வந்த பெயர் அது. அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தமெல்லாம் அம்மாவை நினைத்துத்தான்.

அம்மா ஒரு செவிலியர். மலைமேல் இருக்கும் மருத்துவமனைக்கு மாற்றலாகிப் போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. தினமும் போனில் பேசுவார்தான். ஆனால் மலையில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. படம் அப்படியே உறைந்து நின்றுவிடும். அம்மாவின் மூக்கை மட்டும் பார்த்துக்கொண்டே சுண்டு எத்தனையோ நாள் பள்ளிக்கூடக் கதைகளைச் சொல்லி முடித்திருக்கிறாள். மூக்குக்கு முத்தம் கொடுத்தால் போன்தான் ஈரமாகும்.

அப்பா வேலை பார்க்கும் அச்சகத்தில் நோட்டுப் புத்தகங்கள் தயாராகும் காலம். ஞாயிறுகூட விடுமுறை இல்லை. ஒருவழியாக ஒரு சனிக்கிழமை மதியத்திலிருந்து ஞாயிறு முழுக்க அவருக்கு விடுப்புக் கிடைத்தது. அம்மாவுக்கும் மறுநாள் மதியம் ஒரு மணி வரை ஓய்வு.

சுண்டு காலையிலேயே பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். அப்பா, அம்மாவுக்குப் பிடித்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அவசர அவசரமாகச் சவரம் செய்ததில் தாடையில் இரண்டு கீறல். அவருக்கும் அம்மா நினைப்புத்தான் என்று சுண்டுவுக்குப் புரிந்தது.

வண்டி கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அந்தப் பருவத்தின் முதல் மழை பிடித்துக்கொண்டது. கோடை முழுக்க வெயிலில் காய்ந்த வைப்பர், தண்ணீரைத் துடைக்காமல் கண்ணாடி முழுவதும் இழுகியது. அப்பா கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்து ஓட்டினார். ஊர் எல்லையில் இருந்த பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டு, கண்ணாடி துடைக்கத் துணி கேட்க உள்ளே போனார்.

சுண்டு கீழே இறங்கினாள். மேலே கூரை இருந்ததால் தரை காய்ந்து கிடந்தது. மழையிலிருந்து உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியும் அந்தத் தரையில் ஈரத் தடம் பதித்தது. ஒன்று இலை இலையாக, ஒன்று ஏணிபோல, இன்னொன்று வளைந்து வளைந்து. வேடிக்கையாக இருந்தது. தங்கள் வண்டி என்ன தடம் போட்டிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தாள்.

ஒரு கோலமும் இல்லை. ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போனதுபோல வெறும் பட்டை.

குனிந்து டயரைத் தடவினாள். அப்பாவின் முன்னந்தலைபோல வழவழவென்று இருந்தது. பக்கத்து வண்டி டயரில் அவள் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் இருந்தது. தண்ணீர் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஓடிவிடும். தங்கள் டயரில் ஓட வழியே இல்லையே. ஈரத்தில் வழுக்காதா?

அப்பா வந்து ஏறச் சொன்னார். சுண்டு ஏறிக்கொண்டாள். வாயைத் திறந்தால் பயணம் நின்றுவிடும். திறக்காவிட்டால் இரண்டே மணி நேரத்தில் அம்மா. போன் இல்லை, மூக்கு மட்டும் இல்லை, முழு அம்மா.

அப்பா சாவியைத் திருப்பினார்.

"அப்பா, வண்டியை எடுக்காதீங்க" என்றாள் சுண்டு.

அவள் டயரைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு அப்பா இறங்கிப் போய்ப் பார்த்தார். நான்கு டயரையும் தடவிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே நின்றார். மழைக்கு முன்னாடியே மாற்ற நினைத்ததாகவும், வேலை மும்முரத்தில் மறந்துபோனதாகவும் முணுமுணுத்தார். பிறகு, மெதுவாகப் பார்த்துப் போய்விடலாம், அம்மா பாவம் வழி பார்த்துக்கொண்டிருப்பாள் என்றார்.

சுண்டுவும் கீழே இறங்கி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நாம அம்மாகிட்ட போய்ச் சேரணும்லப்பா" என்றாள்.

அப்பா எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டார்.

பங்கை ஒட்டி டயர் கடை வைத்திருந்த அக்கா, தடத்தைப் பார்த்ததுமே மொட்டை டயர் என்று சொல்லிவிட்டார். அந்த அளவு டயர் கிடங்கிலிருந்து வரவேண்டுமாம். காலையில்தான் மாட்ட முடியுமாம். மழைக்காலத்தில் மாலை நான்கு மணிக்கு மேல் மலைச்சாலையில் வண்டிகளை விடவும் மாட்டார்கள்.

சுண்டுதான் போனில் அம்மாவிடம் சொன்னாள்.

"நாளைக்கு வாங்கடா. மெதுவாவே வாங்க" என்றார் அம்மா.

வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு இருவரும் வீடு திரும்பினார்கள். அன்றைய மிச்சப் பொழுது ஒரு வாரம்போல நீண்டது. கட்டிய பையை சுண்டு அவிழ்க்கவே இல்லை.

காலையில் டயர்கள் மாறின. வைப்பருக்குப் புது ரப்பர் வந்தது. முகப்பு விளக்குகளை சுண்டுவே துடைத்தாள். புறப்படும்போது மணி பத்து.

மலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் சாலைக்குக் குறுக்கே தண்ணீர் பாய்ந்தோடியது. முன்னால் போன சரக்கு வண்டி சட்டென்று நின்றது. அப்பா பிரேக்கை அழுத்தினார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, ஒரு முழம் இடைவெளியில் நின்றுவிட்டது. அப்பாவின் கை பின்னால் நீண்டு சுண்டுவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. இருவரும் மூச்சு விட்டார்கள்.

மருத்துவமனை வாசலில், வேலை உடுப்போடு குடை பிடித்தபடி அம்மா நின்றிருந்தார். சுண்டு கதவைத் திறந்து ஓடியதில் குடை எங்கேயோ பறந்தது. மூன்று பேரும் நனைந்தார்கள்.

அப்போது மணி பன்னிரண்டு இருபது. அம்மா வேலைக்குப் போக இன்னும் நாற்பது நிமிடம்தான் இருந்தது.

அதில் முப்பத்தைந்து நிமிடம் சுண்டு அம்மாவின் மடியை விட்டு இறங்கவே இல்லை. மீதி ஐந்து நிமிடத்தை, போனால் போகிறது என்று அப்பாவுக்குக் கொடுத்தாள்.