செத்துப்போன தாய்மாவு

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டருக்கு அன்று இடுப்புவலி. கொலைக் கேஸாக இருந்தால்கூட நாளைக்கு வரச் சொல்லியிருப்பார். வந்தவளோ, "என் மாவைக் கொன்னுட்டாங்க சார்" என்று வாசலிலேயே அழுதாள்.

எதிர்வீட்டுக்காரி. ஈஸ்ட் போடாமல் வீட்டிலேயே புளிப்பு ரொட்டி சுடுகிறவள். அந்த ரொட்டிக்கு உயிரே தாய்மாவுதான். மாவும் தண்ணீரும் கலந்து, மாதக்கணக்கில் தீனி போட்டுப் புளிக்கவைத்தது.

"அணைச்ச ஓவனுக்குள்ள லைட்டை மட்டும் போட்டு பாட்டிலை வைப்பேன். அந்தக் கதகதப்பு போதும். நேத்து காலைல பார்த்தா ஒரு குமிழி இல்ல. என் ஓரகத்திதான் உப்பைக் கொட்டியிருக்கணும். 'உன் ரெண்டாவது மாமியார் எப்படியிருக்கா'ன்னு மாவைக் கிண்டல் பண்றவங்க. நேராவே கேட்டுட்டேன். பெட்டியைக் கட்டிட்டாங்க."

"போகட்டுமே" என்றார் இன்ஸ்பெக்டர் களைப்பாக.

"அவங்க போயிட்டா வீடு ரெண்டாயிடும் சார். அவங்கதான் செஞ்சாங்கன்னா என்னால சேர்ந்து இருக்கவும் முடியாது."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சுடன் செருப்பைத் தேடினார். அவருடைய மைத்துனர் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தார். இன்சூரன்ஸ் ஏஜென்ட், எலி செத்தாலும் சதி என்பார்.

எதிர்வீட்டுக் கூடத்தில் ஓரகத்தி பெட்டியின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "பெட்டியைத் திறங்க" என்றார் மைத்துனர். "மாட்டேன்" என்றாள் அவள். "பார்த்தீங்களா அத்தான்!" என்று மைத்துனர் கண்ணைக் காட்டினார்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரியின் கணவன் சலித்துக்கொண்டான். "வெந்த மாவுக்கு இத்தனை கூத்தா? போலீஸ் வரைக்கும் போகணுமா?"

இன்ஸ்பெக்டர் பாட்டிலை முகர்ந்தார். பச்சை மாவு வாசனை. மாவு எவ்வளவு பொங்கியது என்று பார்க்க மாட்டியிருந்த ரப்பர் பேண்டு புத்தம் புதிது. ஓவனைத் திறந்து, உள்ளே கம்பித் தட்டைத் தடவினார். விரலில் பிசினாக ஏதோ ஒட்டியது.

எல்லோரையும் கூடத்தில் உட்காரச் சொல்லி, முதலில் தானே உட்கார்ந்தார்.

"உப்புப் போட்டா மாவு செத்தாலும் புளிச்ச வாசனை போகாது. இது புதுசாக் கரைச்ச மாவு. பழைய ரப்பர் பேண்டு ஓவன் கம்பில உருகிக் கிடக்கு. உள்ள பாட்டில் இருக்கறது தெரியாம யாரோ ஓவனைச் சூடு பண்ணியிருக்காங்க."

"யாரு அத்தான்?"

"இந்தம்மா மாவைக் கொன்னுட்டாங்கன்னுதான் சொன்னாங்க. வெந்துபோச்சுன்னு ஒருத்தர்தான் சொன்னார்."

"அலுப்புல வந்த பேச்சுன்னு நினைச்சேனே!" என்றார் மைத்துனர்.

கணவன் தலை குனிந்தான். "முந்தாநாள் வேலை முடிஞ்சு வந்தேன். களைப்புல கண்ணே தெரியல. சாப்பாட்டைச் சூடாக்கலாம்னு ஓவனைப் போட்டேன். வாசனை வந்தப்புறம்தான் உள்ள பார்த்தேன். பயந்துபோய் புது மாவைக் கரைச்சு வெச்சேன். சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ அண்ணியைத் திட்ட ஆரம்பிச்சுட்ட."

"நீங்களும் கேட்டுக்கிட்டு நின்னீங்க" என்றாள் மனைவி. அவளுக்கு அவமானமாக இருந்தது.

"அப்போ பெட்டியில என்ன?" மைத்துனருக்கு இன்னும் ஆறவில்லை.

ஓரகத்தி தானே திறந்தாள். புடவைகளுக்கு நடுவே துணி சுற்றிய ஒரு பாட்டில். அதற்குள் மாவு மூடியை முட்டிப் பொங்கியிருந்தது.

"தினமும் தீனி போடறதுக்கு முன்னாடி பாதியை எடுத்துக் கொட்டச் சொல்லுவியே. ஒரு நாள் எனக்குக் கொட்ட மனசு வரல. தனியா வளர்த்தேன். கிண்டல் பண்ணிட்டு வளர்க்கறேனேன்னு வெட்கம், சொல்லல."

"அக்கா, போகாதீங்க" என்று அவள் கையைப் பிடித்தாள் சின்னவள்.

ஓரகத்தி பாட்டிலை அவளிடம் நீட்டினாள். "இந்தா, பாதியை எடுத்துக்க. என்கிட்ட உடனே சிரிச்சுப் பேசுன்னு மட்டும் கேட்காத. மாவு பொங்கவே ஒரு ராத்திரி ஆகுது."

பிறகு பெட்டியைத் தூக்கினாள். வாசல் பக்கம் போகவில்லை, மாடிப்படி ஏறினாள்.