பிளக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்

"கேபிளைத் தொடாதீங்கன்னு..."

"தொடலண்ணே, அயர்ன் வயரைத்தான் இழுத்தேன், அதுவா..."

"அதுவா எப்படிங்க கழண்டுக்கும்? தொண்ணூறு பர்சென்ட் போயிருந்துச்சு லா. இப்ப முதல்லேருந்து அனுப்பணும்."

"அனுப்புங்க. நாளைக்கு ரவாங்குல கல்யாணம். பொண்ணோட பிளவுஸ் கையில ஒரு பூகூட விழல. நான் ஆசைப்பட்டா இழுத்தேன்?"

மலேசியாவின் கிள்ளானில் குமுதாவின் பிளவுஸ் கடை. பூவேலை போடும் கம்ப்யூட்டர் மெஷின் காலையில் தன் புரோகிராமையே மறந்துவிட்டு வெற்றுத் திரையோடு நின்றது. ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து மெஷினைச் சரிசெய்ய வந்த சிவநேசன், அந்தப் புரோகிராமைத் தன் லேப்டாப்பிலிருந்து ஒரு சீரியல் கேபிள் வழியே அனுப்பிக்கொண்டிருந்தான்.

"தம்ப் டிரைவ்ல போட்டா ரெண்டு நிமிஷம்" என்றாள்.

"இந்த மெஷின் பொறந்தப்ப தம்ப் டிரைவே பொறக்கல. இதுக்கு ஸ்பூன்லதான் ஊட்டணும்."

கேபிளை மீண்டும் செருகினான். ஒரு கணம் தயங்கினான்.

"பிளக் லூசா இருக்கு. யாராவது பிடிச்சுக்கணும். அசையக் கூடாது."

"யாராவதுன்னா... இங்க நான் மட்டும்தான் இருக்கேன்."

"அதான் சொல்றேன்."

அவள் மெஷினுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் பிளக்கை அழுத்திக்கொண்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. திரையில் எண் மெல்ல மெல்ல ஏறியது. மழை வெளிச்சம் அவள் கண்ணில் ஈரமாய் மின்னியது...

"திரை அங்க இருக்கு."

"தெரியும்" என்றான். திரும்பவில்லை.

மேசையில் அவள் போன் அடித்தது.

"எங்கம்மா. எடுக்கலன்னா விடமாட்டாங்க."

அவன் போனை எடுத்து அவள் காதருகே பிடித்தான். விரல் தோட்டில் பட்டது. அம்மாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்களாம். சரின்னு சொல்லிடட்டா?"

சரி என்ற சொல் உதடுவரை வந்தது... அங்கேயே நின்றுவிட்டது.

"அப்புறம் பேசுறேம்மா."

அதற்குப் பிறகு அவன் திரையை மட்டுமே பார்த்தான். நூறு வந்தது. மெஷின் உயிர் பெற்று, பிளவுஸ் கையில் முதல் பூவைப் போடத் தொடங்கியது.

"முடிஞ்சிருச்சு. நான் கெளம்புறேன்."

பையை எடுக்கக் குனிந்தான். சட்டைப் பாக்கெட்டிலிருந்து இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள் விழுந்து அவளிடம் உருண்டு வந்தன. எடுத்துப் பார்த்தாள்.

"இது..."

"பிளக்கோட ஸ்க்ரூ."

"லூசா இருக்குன்னீங்க."

"இதை மாட்டியிருந்தா லூசா இருக்காது." பையின் ஜிப்பையே பார்த்தபடி பேசினான். "முதல் தடவை அவசரத்துல விட்டுட்டேன். கழண்டது என் தப்புதான், உங்களைத் திட்டிட்டேன். ரெண்டாவது தடவை... வேணும்னேதான் மாட்டல. நீங்க கொஞ்ச நேரம் பக்கத்துல இருக்கணும்னு தோணுச்சு. வீட்டுல மாப்பிள்ளை பாக்குறாங்கன்னு தெரியாது. மன்னிச்சிருங்க."

கோபப்படத்தான் நினைத்தாள். வரவில்லை. ஸ்க்ரூக்களை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

அவன் கதவைத் திறந்தான். சாரல் உள்ளே அடித்தது.

"சிவநேசன்..." காலையிலிருந்து வாயில் இருந்த அண்ணேயைக் காணோம். "அவங்க நாலு மணிக்கு வராங்க. நீங்க மூணு மணிக்கே எங்க வீட்டுக்கு வர முடியுமா... மெஷின் பாக்க இல்ல."