சுரங்கப்பாதையில் மூன்றாவது சைக்கிள்

கையில் போட்டிருந்த மாவுக்கட்டை வெட்டி எடுத்த அன்றே அப்பா சொன்னார்: "சனிக்கிழமை சைக்கிளுக்கு டயர் மாத்தப் போறேன். இருக்கறதிலேயே மெல்லிசா, வழவழன்னு ஒண்ணு."

அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "கை ஒட்டி முழுசா அரை நாள் ஆகல. அதுக்குள்ள பறக்கணுமா?"

"வெயில் காலம் வந்தாச்சு. ஞாயித்துக்கிழமை சவாரி ஆரம்பிச்சுட்டாங்க. கூட வர்ற பல் டாக்டர் அந்த டயரைத்தான் போட்டிருக்கார். காத்து மாதிரி போறார்."

"அவர் விழுந்தா பல்லை அவரே கட்டிக்குவார். நீங்க விழுந்தா?"

அப்பா விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். அவர் முடிதிருத்துபவர். இன்னொரு முறை அதே முழங்கை உடைந்தால் கத்தரிக்கோலை மறந்துவிட வேண்டியதுதான் என்று எலும்பு டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

குச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒல்லியாக, உயரமாக இருப்பாள். அதனால் அந்தப் பெயர். வயது பதினொன்று.

அப்பா விழுந்தபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள். ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை உண்டு. அவளுடைய பள்ளிக்கும் அப்பாவின் கடைக்கும் அது ஒன்றுதான் வழி. மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒரு காலை, அதன் நடுவில் அப்பாவின் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. விழுந்து கிடந்தவர் முதலில் சொன்னது, "என்னை யார் கூப்பிட்டா?" என்பதுதான்.

பிறகு கேட்டபோது, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தார்.

புதன்கிழமை காலை இருவரும் மறுபடி சைக்கிளில் கிளம்பினார்கள். வெளியே நல்ல வெயில். சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் கழுத்தில் ஈரத்துணி போட்டதுபோல் இருந்தது. எந்தக் காலத்திலும் நடுக்கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். அதற்குக் கீழே பச்சையாகப் பாசி.

குச்சியின் சின்ன சைக்கிளுக்குப் பல் வைத்த தடி டயர். அது கரகரவென்று போகும். அப்பா டயரில் கல்லுபோல் காற்று அடித்து வைப்பார். அது 'ஸீ' என்று விசில் மாதிரி போகும்.

பின்னால் மூன்றாவதாக ஒரு சத்தம் வந்தது.

'ஹ்ஸ்ஸ்ஸ்.' மெதுவாக, தூங்குகிறவர் மூச்சு விடுவதுபோல.

"அப்பா, நில்லுங்க."

இருவரும் நின்றார்கள். அந்தச் சத்தம் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தது. பிறகு நின்றது. குச்சி திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எதிரொலி" என்றார் அப்பா.

"எதிரொலின்னா நம்ம சத்தம்தானே திரும்பி வரும்? இது நம்ம சத்தமே இல்லையே."

"ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்றார் அப்பா. மீதித் தூரத்தை வழக்கத்தைவிட வேகமாக மிதித்தார்.

மறுநாள் சுரங்கப்பாதையைத் தாண்டி வெயிலுக்கு வந்ததும், குச்சி ஷூ நாடாவைக் கட்டும் சாக்கில் கீழே உட்கார்ந்தாள்.

காய்ந்த தரையில் ஈரத் தடங்கள் தெரிந்தன. புள்ளி புள்ளியாகப் போனது அவளுடையது. கோடு கிழித்ததுபோல் ஒல்லியாகப் போனது அப்பாவுடையது. இரண்டும் தூரம் போகப் போக மங்கி மறைந்தன.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. அப்பாவுடையதைவிட அகலம். நடுவில் வழவழப்பு. இரண்டு ஓரத்திலும் மீன் முள் போலச் சின்னச் சின்னக் கோடுகள். அது நேராக வரவில்லை. உள்ளே பாசியைச் சுற்றி, சுவரோரமாக வளைந்து வந்திருந்தது. அது மங்கி மறையவும் இல்லை. பத்தடி வந்து, சைக்கிளை யாரோ அப்படியே தூக்கிவிட்டதுபோல் பட்டென்று முடிந்திருந்தது.

குச்சியின் கை மயிர் எழுந்து நின்றது. ஆனாலும் பையிலிருந்து சீப்பை எடுத்தாள். முடிதிருத்துபவரின் மகளிடம் அளவுகோல் இல்லாமல் போகலாம், சீப்பு இல்லாமல் போகாது. சீப்பை வைத்துப் பார்த்தாள். அப்பாவின் தடம் ஒன்பது பல் அகலம். இது பதினான்கு. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'சீப்பில் பதினான்கு பல்' என்று எழுதி, மீன் முள்ளையும் சேர்த்து வரைந்துகொண்டாள்.

"ஷூ நாடா கட்டறியா, பின்னறியா?" என்று தூரத்திலிருந்து அப்பா கேட்டார்.

சனிக்கிழமை பிற்பகல் டயர் கடைக்குப் போனபோது பல் டாக்டர் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். உடம்போடு ஒட்டிய சவாரி உடை. தொப்பை மட்டும் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

"மெல்லிசான டயரையே எடுங்க" என்றார் அவர். "ரோடு காஞ்சு கிடக்கு. டயர் எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு வேகம்."

கடையை நடத்துபவரை அப்பா அக்கா என்பார். குச்சி அத்தை என்பாள். அவர் ஒரு மெல்லிய டயரை எடுத்து வளைத்துக் காட்டினார். "எடை இல்லாத டயர். சுகமா ஓடும். ஆனா கண்ணாடித் துண்டு ஏறினா பஞ்சர்தான், உள்ளே காப்புப் பட்டை கிடையாது. ஞாயித்துக்கிழமைக்கு மட்டும்னா இது போதும்."

"வருஷம் பூரா வேலைக்கும் இதே சைக்கிள்தான் அத்தை" என்றாள் குச்சி.

"அப்ப வெயிலுக்கு ஒண்ணு, மழைக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் போடலாம். அப்படிச் செய்யறவங்க இருக்காங்க."

"அப்பா மாத்த மாட்டார். குளியலறை பல்பையே அம்மாதான் மாத்தினாங்க."

பல் டாக்டர் சிரித்தார். அப்பா மெல்லிய டயரைக் கையிலிருந்து விடவில்லை.

குச்சி நோட்டைத் திறந்து நீட்டினாள். "இந்த மாதிரி டயர் இருக்கா?"

கடைக்கார அத்தை படத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதை எங்க பார்த்த?"

"சுரங்கப்பாதையில. ஈரத் தடம்."

"எப்ப?"

"முந்தாநாள்."

அவர் விரலால் அந்த மீன் முள்ளைத் தடவிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "இந்த டயர் செய்யறதை நிறுத்திப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. இந்தப் பக்கத்துல ஒரே ஆள்தான் போட்டிருந்தார். பழைய தபால்காரர். வருஷம் முன்னூத்தி அறுபத்தஞ்சு நாளும் அந்தப் பாதை வழியாத்தான் போவார். ஒரு தடவைகூட விழுந்ததில்லை."

"இப்ப எங்க இருக்கார்?"

"இல்லை. வயசாகி, வீட்டுக் கட்டில்ல, தூக்கத்துல போயிட்டார்."

பல் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா தன் முழங்கையைத் தடவிக்கொண்டார்.

"பயப்படாதே" என்றார் அத்தை. "தடம் பதினாலு பல்லுன்னு எழுதியிருக்க. அகலமான டயர், காத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சிருக்கு. அப்பத்தான் ரப்பர் தரையில நல்லா உக்காரும். கல்லு மாதிரி அடிச்சா ஈரத்துல தாவும்." உள்ளே போய் வேறொரு டயரைக் கொண்டு வந்தார். "அது கிடைக்காது. அதுக்குக் கிட்டத்துல இது. மெத்துனு ரப்பர், உள்ளே காப்புப் பட்டை. இதுல ஞாயித்துக்கிழமையும் நல்லாவே போகலாம்."

"வேகம் போயிடுமே" என்றார் அப்பா.

"அப்பா, சுருட்டை முடிக்காரர் வந்து உக்கார்ந்தா நுணுக்கப் பல் சீப்பை எடுப்பீங்களா?"

"அது எப்படி? பாதித் தலையிலேயே சிக்கிக்கும். ஆளு கத்துவார்."

"உங்ககிட்ட ஒரே ஒரு சீப்புதான் இருக்குன்னு வைங்க. எல்லாத் தலைக்கும் அதுதான். எந்தச் சீப்பு வச்சுக்குவீங்க?"

அப்பா கையிலிருந்த டயரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மெல்லிய டயரை மெதுவாகக் கொக்கியில் மாட்டினார்.

"என் சீப்பை வச்சே இவ என்னை வாரிட்டா, அக்கா. அந்த அகலத்தையே போடுங்க."

"நாளைக்கு என் முதுகைப் பார்த்துக்கிட்டே வரலாம்" என்றார் பல் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் எதிர்பார்க்காமல் அரை மணி நேரம் கோடை மழை கொட்டியது. குச்சி ஜன்னலருகிலேயே நின்றாள். அம்மா இரண்டு தடவை வாசலுக்கு வந்துவிட்டுப் போனார்.

அப்பா சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"டாக்டர் சுரங்கப்பாதையில விழுந்துட்டார்" என்றார் துண்டால் தலையைத் துவட்டியபடி. "ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு போச்சு. பல்லுக்கு ஒண்ணும் இல்லை."

"நீங்க?" என்றார் அம்மா.

"பின்சக்கரம் லேசா ஆடிச்சு. அப்புறம் பிடிச்சிடுச்சு."

அம்மா உள்ளே போனதும் அப்பா குரலைத் தாழ்த்தினார். "குச்சி, உள்ளே எனக்கு முன்னாடி ஒரு தடம் போச்சு. பாசியைச் சுத்தி, சுவரோரமா. நான் அது மேலேயே ஓட்டினேன்."

"டாக்டரோட தடமா?"

துவட்டுவது நின்றது. "டாக்டர் எனக்குப் பின்னாடிதானே வந்தார்."



திங்கட்கிழமை காலை சுரங்கப்பாதைக்குள் நுழைந்தார்கள். குச்சியின் டயர் கரகரத்தது. அப்பாவின் புது டயர் 'ஹ்ஸ்ஸ்ஸ்' என்றது. பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. குச்சிக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது, கூட வந்தவர் சொல்லாமல் போய்விட்டதுபோல.

நடுவில், பாசிக்குக் கொஞ்சம் முன்னால், அப்பா நின்றார். குச்சியும் நின்றாள்.

'ஹ்ஸ்ஸ்ஸ்' மட்டும் நிற்கவில்லை. அது இப்போது முன்னால் கேட்டது. சுவரோரமாக வளைந்து, வெளிச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"எதிரொலி" என்றார் அப்பா, மிக மெதுவாக.

"ஆமாம்பா" என்றாள் குச்சி. கைப்பிடியில் இருந்த மணியை ஒரு தடவை அடித்தாள்.

முன்னாலிருந்து ஒரு மணி பதில் சொன்னது. அவளுடையதைவிடக் கொஞ்சம் பழைய மணி.

இருவரும் சுவரோரமாக வளைந்து போனார்கள்.