நாற்பத்தொன்றாம் நாள்

எட்டாம் வகுப்பில் காலை ஜெபத்தின் கடைசியில் பிள்ளைகள் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். கணக்கு டீச்சராகப் பத்மப்ரியா சேர்ந்த திங்கட்கிழமை அது முப்பத்து மூன்று.

ஜெஸ்லின் என்ற தோழியின் ஆத்ம சாந்திக்காக மலையாளத்தில் இரண்டு வரி, பிறகு அந்த எண். போன மாதம் ஏதோ ஒரு பிள்ளை தவறிவிட்டது, நாற்பத்தொன்றாம் நாள் வரை எண்ணுகிறார்கள் என்று பத்மப்ரியா நினைத்துக்கொண்டாள். கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில் வளர்ந்தவளுக்குச் சாவுக்கு நாள் எண்ணுவது புதிதல்ல. அவளும் தலைகுனிந்து நின்றாள். போதாததற்கு ஸ்டாஃப் மீட்டிங்கில் பிள்ளைகளைப் புகழ்ந்தும் வைத்தாள். பிரின்சிபால் மதர் அதைக் ‘கருணைச் செயல்கள்’ என்ற தலைப்பில் ஆண்டறிக்கையில் சேர்த்தார்.

புதன்கிழமை வீட்டுக்கணக்கு நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஒன்றின் அட்டையில் ஜெஸ்லின் என்றிருந்தது. உள்ளே முந்தின நாள் போட்ட கணக்கு.

பெயரைக் கூப்பிட்டாள். கடைசி பெஞ்சில், இரண்டு பக்கமும் காலியான இடத்தில், ஒல்லியான ஒரு பெண் பாதி எழுந்தாள். முப்பத்தெட்டுத் தலைகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. மழையில் ஊறிய யூனிஃபார்ம்களின் புழுங்கல் வாடைக்கு நடுவே, அந்த மூலையிலிருந்து மட்டும் சாம்பிராணி மணத்தது. லீடர் அன்சு வருகைப்பதிவைப் புரட்டி, அப்படி யாரும் இப்போது இல்லையே டீச்சர் என்று மிக மரியாதையாகச் சொன்னாள்.

மதரின் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு கேடயங்கள் இருந்தன. எல்லாம் ‘கொடுமையற்ற வளாகம்’ என்பதற்காக, வருடத்துக்கு ஒன்று. புகார்ப் படிவத்தைத் தேடவே அரைமணி ஆயிற்று. ஏழு வருடமாக யாரும் கேட்டதில்லை. காயம் உண்டா, பொருள் சேதம் உண்டா என்று கட்டங்கள். உயிரோடிருக்கும் பிள்ளைக்குக் கருமாதி நடத்துவதை எழுத ஒரு கட்டமும் இல்லாததால் பத்மப்ரியா ஓரத்தில் எழுதினாள்.

மதர் மார்த்தாண்டத்துக்காரர். பொறுமையாக வாசித்தார்.

“பிள்ளைங்க ஜெபிக்குது. அதப் புகாருன்னு எழுதியிருக்கீங்க.”

“உசிரோட இருக்கற குழந்தைக்கு, மதர்.”

“செவ்வாக்கெழம கேடயக் கமிட்டி வருது. அது கழியட்டும் டீச்சர். நாமளும் ஜெபிச்சு முடிவெடுப்போம்.” படிவத்தின் மேல் ஒரு பைபிளை வைத்தார், பறக்காமலிருக்க. டீச்சருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதையும் கருணையோடு நினைவூட்டினார்.

வெள்ளிக்கிழமை மணி அடித்து எல்லாரும் போன பிறகு ஜெஸ்லினை நிறுத்தினாள். வராந்தாவில் ஓட்டிலிருந்து நீர் சொட்டும் சத்தம். அந்தக் கையைத் தொட்டதும் குளிர் இவள் முழங்கைவரை ஏறியது.

“இன்னும் நாலு நாளு, டீச்சர்,” என்றாள் ஜெஸ்லின், யாருக்கும் தொந்தரவு கொடுக்காத குரலில். “அது கழிஞ்சா விட்டிருவாங்க. அன்சு சொல்லிட்டுண்டு.”

சனிக்கிழமை, குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழைக்க மூன்று இலக்கங்கள்வரை அழுத்திவிட்டுப் போனை வைத்தாள். ஞாயிறன்றும் அப்படியே. கமிட்டி போகட்டும். புதன்கிழமை கட்டாயம்.

திங்களன்று பிள்ளைகள் நாற்பது என்றார்கள். சனி, ஞாயிறையும் விடாமல் எண்ணியிருந்தார்கள்.

செவ்வாய் காலை கரண்ட் இல்லை. மழை வானம் ஜன்னல்வரை இறங்கியிருந்தது. மாடிப்படியிலேயே சாம்பிராணி. வகுப்பறைக்குள் சத்தமில்லை. முப்பத்தெட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். கைகூப்பி. எண் சொல்லவில்லை.

ஜெஸ்லின் வெள்ளை உடுப்பில் இருந்தாள். கையில் எவர்சில்வர் தட்டு, தட்டில் அப்பம். பெஞ்சு பெஞ்சாகப் போனாள். தன் நாற்பத்தொன்றாம் நாள் விருந்தைத் தானே பரிமாறினாள். அவள் முகத்தைப் பார்க்காமலே எடுத்துக்கொண்டார்கள். மென்றார்கள்.

பத்மப்ரியா அவளைக் கூப்பிட வாயெடுத்தாள்.

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். கமிட்டி. மதர். ஒரு புகைப்படக்காரர். பகிர்ந்து உண்ணும் பழக்கம் இந்த வகுப்பின் தனி அடையாளம் என்று மதர் விளக்கினார். ஒரு கமிட்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“டீச்சரும் ஒண்ணு எடுங்க,” என்றார் மதர். “போட்டோக்கு.”

தட்டு முன்னால் வந்து நின்றது. எடுக்கக்கூடாது என்று நினைத்தாள். கை எடுத்தது.

புகைப்படக்காரர் எல்லாரையும் சிரிக்கச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ஜெஸ்லினும் மெல்ல உதடு பிரித்தாள். பல் தெரியவில்லை. நாக்கு தெரியவில்லை. தொண்டைவரை அடைத்திருந்த ஈரமண் மோவாயில் வழிந்து, கட்டிகட்டியாக, மிச்சமிருந்த அப்பங்களின் மேல் விழத் தொடங்கியது. ஃபிளாஷ் மின்னியது. கமிட்டி கைதட்டியது.