பலகைக்கு மேல் ஒரு முழம்

“ஒரு மணி நேரம் அந்த மெஷினை நிறுத்தி வச்சா கை என்ன கழண்டா விழுந்துடும்?”

“நிறுத்தி வச்சா என் அடுப்புல பூனை தூங்கும்டி! பகல்ல தூங்குறவ காதுல பஞ்சை வச்சுக்கோ!”

மாடிப்படியில் நின்று கத்தியவள் கீழ்வீட்டு நர்ஸ். மேலிருந்து வாரி இறைத்தவள் தையற்காரி. எதிர்வீட்டில் நான் கதவை லேசாகத் திறந்து வைத்திருந்தேன், காற்றுக்காகத்தான்.

நர்ஸுக்கு எப்போதும் இரவு வேலை. காலையில் வந்து திரையை இழுத்துவிட்டுப் படுத்தால், தலைக்கு மேல் டகடகவென்று தையல் மெஷின் ஓடும். மூன்று மாதமாகத் தூக்கமில்லை. போன வாரம் ஒருவருடைய மாத்திரையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டாள்; விழுங்குமுன் பிடுங்கியதால் பிழைத்தாள். இன்னொரு தடவை நடந்தால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டார்களாம்.

அன்று மாலையே அவளுடைய அக்கா புருஷன் வந்தார். கூரைக்குக் கீழே பலகை கோத்துத் தொங்கு சீலிங் போடுகிறவர்; தெருவே அவரைச் சீலிங்காரர் என்றுதான் கூப்பிடும். அறை நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“மேலேருந்து வர்றது பாதிதாம்மா. மீதி இந்த வழவழா சீலிங் பலகையில பட்டு ரூமுக்குள்ளயே சுத்துது. ஓட்டை போட்ட பலகையா மாத்தி, மேல நார்ப்பஞ்சை அடுக்கினா சத்தத்தைக் குடிச்சிடும்.”

பலகைகளுக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதில் பஞ்சை அடுக்கினார். புதுப் பஞ்சு அல்ல. நனையாத பழைய பஞ்சைத் தூக்கி எறிய இந்தத் தொழில்காரர்களுக்கு மனசே வராது. பழைய ஆஸ்பத்திரியை இடிக்குமுன் பெண்கள் வார்டின் சீலிங்கைப் பிரித்தாரே, அப்போது மூட்டை கட்டி வைத்தது. பதினொரு வருஷத்துக்கு முன் நர்ஸ் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த வார்டு அது.

முடித்ததும் மறுபடி கை தட்டினார். சத்தம் விழுந்த இடத்திலேயே செத்தது. தையல் மெஷின் அடுத்த தெருவுக்குக் குடிபோனது போலிருந்தது.

மூன்றாம் நாள் உச்சிப் பொழுதில் நர்ஸ், இடது காலை லேசாக இழுத்து வைக்கும் வழக்கமான நடையில் வந்து, என் கதவைத் தட்டினாள். கண்ணுக்குக் கீழே மை அப்பியது போல் கறுப்பு.

“அக்கா, கொஞ்சம் என் ரூமுக்கு வாங்களேன். எனக்கு மட்டும்தான் கேக்குதான்னு தெரியணும்.”

கூப்பிடாமலே போகிறவள் நான். கூப்பிட்டால் விடுவேனா?

உள்ளே திரை போட்ட இருட்டு. அந்த அறையில் நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்டது. தரை கழுவும் லோஷனும் பழைய போர்வையும் கலந்த வாடை. கட்டிலில் உட்கார்ந்தோம். வெகுநேரம் ஒன்றுமில்லை. நான் கொட்டாவி விட்டேன்.

யாரோ இருமினார்கள்.

பலகைக்கு மேலே.

“சிஸ்டர்... கொஞ்சம் தண்ணி...”

வறண்ட, வயதான பெண்குரல். தையற்காரி வீட்டில் வயதானவர்கள் யாரும் கிடையாது. அது எனக்கா தெரியாது?

அதற்கு ஒரு பதிலும் வந்தது.

“இதோ வரேம்மா.”

நர்ஸின் குரல்.

என் பக்கத்தில் இருந்தவள் வாயையே திறக்கவில்லை.

காலடி எதுவும் கேட்கவில்லை. மறுபடி இருமல். மறுபடி “சிஸ்டர்...” தேய்ந்து, தேய்ந்து, அப்புறம் அதுவும் இல்லை.

“ஒன்பதாம் கட்டில்,” என்றாள் நர்ஸ். “ரெண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்த நாள்க்கா. வரேன்னு சொல்லிட்டு நாற்காலியில உக்காந்தேன். அஞ்சு நிமிஷம்னு நினைச்சேன். முழிச்சா விடிஞ்சிருந்துச்சு. அவங்க போயிட்டாங்க.”

அவள் அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

சொல்லி அனுப்பியதும் சீலிங்காரர் ஓடி வந்தார். “பஞ்சைப் பூரா பிடுங்கி எறிஞ்சிடுறேம்மா. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.”

“வேணாம் மாமா. ஏணியை மட்டும் போடுங்க.”

“மேல என்ன இருக்குன்னு ஏறப்போற?”

“கூப்பிட்டாங்கள்ல. போகாம எப்படித் தூங்குறது?”

ஒரு பலகையைத் தள்ளி, தண்ணீர் டம்ளரோடு தலையை உள்ளே நுழைத்தாள். கீழே சீலிங்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு சாமி பேரை முணுமுணுத்தார்.

“வந்துட்டேம்மா,” என்றாள்.

இறங்கியபோது டம்ளரில் ஒரு சொட்டு இல்லை. சீலிங்காரர் ஏறிப் பஞ்சைத் தடவிப் பார்த்தார். ஈரம் இல்லை. அவர் ஒரு வாரம் எந்த வேலைக்கும் போகவில்லை.

நர்ஸ் அன்று விளக்கு வைக்கும்வரை தூங்கினாள். எட்டிப் பார்த்தேன், வாயைப் பிளந்து குறட்டை.

அடுத்த வருஷம் அவள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். பகல் வேலையாம், கன்னம்கூடப் பூசினாற்போல் ஆகிவிட்டதாம். தையற்காரியும் மகள் வீட்டோடு போய்விட்டாள். மேல்வீடும் பூட்டு, கீழ்வீடும் பூட்டு. சாவி என்னிடம்.

பகலில் கீழ்வீட்டுக்குத் தூசி தட்டப் போவேன். அந்த ஒரு முழ இடைவெளியில் ரப்பர் செருப்பு நடக்கிறது. நாலு எட்டு வைத்து நிற்கிறது. குனிந்து நிமிர்வது போல் துணி உரசும் ஓசை. மறுபடி நடை. இடது காலை லேசாக இழுத்து வைக்கும் அந்த நடை யாருடையது என்று எனக்குத் தெரியும். எண்ணினேன், இருபது முறை நிற்கிறது. அந்த வார்டில் எத்தனை கட்டில் என்று சீலிங்காரரைக் கேட்டேன். இருபது என்றார்.

இருபதாவது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.