ஒன்பது தட்டு

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் இனி எந்தக் கல்யாணப் பந்தியிலும் என் இலையில் கவுனி அரிசி விழாமல் போகட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் என்னிடம் கிடையாது.

போன ஆவணியில் ஒரு புதன்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு, காரைக்குடியில் மெய்யநாதனின் கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறி தானாக ஓர் அரிசியளவு நகர்ந்தது.

அவர் மவுஸைத் தொடவில்லை. கையில் மோர் டம்ளர் இருந்தது.

"ஈஸ்வரி! அங்குட்டு ஒக்காந்து என் மெஷின்ல என்ன நோண்டுறே?"

முன்னறையில் ஈஸ்வரி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வருடமாக அங்கே வேலை பார்ப்பவள்.

"நான் சாப்பிடக் கிளம்பிட்டேண்ணே. காலையில இருந்து ஆறு மெஷினும் ஆமையா ஊருது. வேல்பாண்டிக்குப் போன் போடுங்கன்னு மூணு தடவை சொல்லிட்டேன்."

"நீ வேலை பாக்குற வேகத்தப் பாத்து அதுகளும் கத்துக்கிருச்சு."

"உங்ககிட்ட இருந்து எதையும் கத்துக்காம இருந்தாச் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மெய்யநாதன் தன் வீட்டு முகப்பிலேயே கல்யாணத் தகவல் நிலையம் நடத்திவந்தார். அவருக்கு மனிதர்கள்மேல் பெரிய அபிப்பிராயம் கிடையாது. சின்ன அபிப்பிராயங்கள் ஆயிரத்து நூறு இருந்தன. வந்துபோன குடும்பம் ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு வரி எழுதி, ஒரு ரகசியக் கோப்பில் பூட்டிவைத்திருந்தார். 'பெண்ணின் மூக்கு சரியில்லை. தகப்பன் வாய் அதைவிட.' ராத்திரி தூக்கம் வராவிட்டால் திறந்து படித்துச் சிரிப்பார். மற்றவர்கள் பால் குடிப்பதுபோல.

அன்று மாலை நான்கு மணிக்கு அவர் மகள் நித்யஸ்ரீயைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அவர்களுக்கும் கோப்பில் இரண்டு வரி உண்டு. 'வாசலில் எட்டுத் தேக்குத் தூண். உள்ளே ஒரு முதுகெலும்புகூட இல்லை.'

அம்புக்குறி மறுபடி நகர்ந்தது. அந்தக் கோப்பின் பக்கமாக.

கம்ப்யூட்டர் ரிப்பேர் வேல்பாண்டியைப் போனில் அழைத்து, பெரிய மனது பண்ணி நடந்ததைச் சொன்னார்.

"அண்ணே, அது புழு. யாராச்சும் தொறந்து விடணும்னு காத்திருக்காது. வயர் வழியாத் தானே ஊர்ந்து போயி ஒவ்வொரு மெஷினாத் தட்டும். பாஸ்வேர்டைப் போட்டுப் போட்டுப் பாக்கும். உள்ள போயிருச்சுன்னா சத்தமில்லாமப் படுத்துக்கிரும். எங்கிட்டோ இருந்து ஒருத்தன் உத்தரவு போடுவான். அப்பறம் மெஷின் உங்க மேசையிலதான் இருக்கும். கை அவன் கை."

"என் பாஸ்வேர்டை எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

"இளையாத்தங்குடியா?"

மெய்யநாதன் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"உங்க ஆளுக பாதிப் பேரு கோயில் பேரைத்தான் வைக்கிறாக. மொத்தமே ஒம்பது கோயில். ஒம்பது தட்டு. கொட்டாவி விடுற நேரம்."

அவன் சொன்னது நியாயம்தான். அவர்கள் சமூகத்தில் ஒரே குலக்கோயில் என்றால் பங்காளி. பெண் கொடுத்து எடுக்க முடியாது. அதனால் சம்பந்தம் பேச வருகிறவர் தண்ணீர் குடிப்பதற்கு முன்பே கேட்பது, எந்தக் கோயில் என்பதைத்தான். ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த சொல்லையே மெய்யநாதன் ரகசியச் சொல்லாக வைத்திருந்தார். அறிவாளி.

"சொவத்துல இருக்க நெட் வயரைப் புடுங்குங்க. இப்பவே. எதையும் தொறக்காதீக. தேவகோட்டையில பஸ் ஏறிட்டேன், வந்துர்றேன்."

வயரைப் பிடுங்கத்தான் எழுந்தார். பாதி வழியில் வேறொன்று தோன்றியது. வேல்பாண்டி வந்து மெஷினைக் குடைந்தால் கோப்பைப் பார்ப்பான். வேல்பாண்டி குடும்பத்துக்கும் அதில் இரண்டு வரி. முதலில் அழித்துவிடுவோம்.

உட்கார்ந்தார். கோப்பு கேட்ட இடத்தில் இளையாத்தங்குடி என்று அடித்தார்.

திறந்தது. அம்புக்குறி அவர் கையைவிட்டு நழுவியது.

வெளியே வெயிலில் தெரு செத்துக் கிடந்தது. சூடேறிய பிளாஸ்டிக்கும் பழைய தூசியும் கலந்த வாடை அறையில் தேங்கி நிற்க, முன்னறையின் ஐந்து கம்ப்யூட்டர் விசிறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வேகமெடுத்து, கடைசியில் ஒரே மூச்சாக, பெரிய மிருகம் ஒன்று சுவருக்கு அந்தப்பக்கம் படுத்து இரைப்பதுபோல் இரைந்தன. உள்கட்டில் நித்யஸ்ரீ வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் ஓசை மட்டும் கேட்டது. திரையில் வரிகள் நீலமாக நிறம் மாறிக்கொண்டே வந்தன. குடும்பத்துக்கு இரண்டு வரி. எதிரே அந்தந்தக் குடும்பத்தின் முகவரி.

அனுப்பப்பட்டது. அனுப்பப்பட்டது.

எட்டுத் தேக்குத் தூணும் போனது.

பாய்ந்து வயரைப் பிடுங்கினார். சுவிட்சையும் அணைத்தார். திரை கறுத்தது. இரைச்சல் அடங்கியது. மெய்யநாதன் கறுத்த திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். 'ஒரு புழு. என்னிடமா?'

தட்.

கதவில் இல்லை. பிடரியில். எலும்புக்கு உள்ளே.

மாத்தூர், என்றது. குரலில்லாமல்.

தட். வைரவன்கோயில்.

தட். இரணியூர்.

அவசரமே இல்லை அதற்கு. ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு கொஞ்சம் காத்திருந்தது. அவர் காதுகளைப் பொத்தினார். பொத்தியதும் சத்தம் உள்ளே நன்றாகக் கேட்டது.

தட். பிள்ளையார்பட்டி.

வேண்டாம் என்று நினைத்தார். அதைக்கூட மெதுவாக.

தட். இளையாத்தங்குடி.

ஆறாவது தட்டு வரவில்லை.

அவர் கை எழுந்தது. அவர் எழுப்பவில்லை. குனிந்து வயரைச் சுவரில் செருகியது. சுவிட்சைப் போட்டது. மடங்கிய கால்கள் அவரை நாற்காலியில் இருத்தின. மகளைக் கூப்பிட வாயைத் திறக்கப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

விரல்கள் புதிய வரி ஒன்றை அடிக்கத் தொடங்கின. நடை அவருடையது. கிண்டல் அவருடையது.

'நித்யஸ்ரீ. என் மகள். பிறந்த அன்று ஒரு தடவை பார்த்தேன். போதும் என்று இருந்தது.'

எழுதியதில்லை அதை. யாரிடமும் சொன்னதில்லை. நினைத்திருக்கிறார்.

அனுப்பப்பட்டது.

உள்கட்டில் ஒரு செல்போன் கிணுங்கியது.

வளையல் ஓசை நின்றது.

விரல்கள் அடுத்த வரிக்குப் போயின. அதற்கடுத்த வரிக்கு. இருபத்தெட்டு வருடத்து நினைப்பு. நகக்கண்களில் ரத்தம் கசிந்தது. விசைப்பலகை வழுக்கியது. விரல்கள் வழுக்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும் உள்ளே ஒரு கிணுங்கல். வேறு சத்தமே இல்லை. அழுகைகூட.

கிணுங்கல்.

கிணுங்கல்.

அந்த அறையில் அன்று மெய்யநாதனைத் தவிர வேறு யாரும் இல்லை. அவரும் அன்றிலிருந்து இன்றுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் என் கவுனி அரிசிச் சத்தியம் அப்படியே நிற்கிறது.