சத்தம் குறைக்கும் பட்டன்

மகள் வாயைத் திறந்தபோதெல்லாம் பாட்டின் சத்தம் தானாகக் குறைந்தது. ஸ்டியரிங்கில் இருந்த சத்தம் குறைக்கும் பட்டனை அவன் தொடவே இல்லை.

"வண்டிக்குக் காது இருக்காப்பா?" என்று பின் சீட்டில் இருந்த ஆறு வயதுக்காரி சிரித்தாள்.

அவனும் சிரித்து வைத்தான். கார்களுக்குப் புதுப் பாட்டு செட் மாட்டி, ஸ்டியரிங் பட்டன்களை அதற்குப் பழக்கிக் கொடுப்பதுதான் பதினைந்து வருடமாக அவன் தொழில். ஊரார் வண்டியெல்லாம் சொன்னபடி கேட்டது. தனக்கென்று வாங்கிய இந்தப் பழைய கார் மட்டும் மூன்று நாளாக மானத்தை வாங்கியது.

வெளியே மழை கொட்டியது. சாரலுக்காகப் பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். தகரக் கூரையின் இரைச்சலும், சூடேறிய பிளாஸ்டிக்கும் ஈர மிதியடியும் கலந்த வாடையும், டாஷ்போர்டுக்கு அடியில் தேங்கிக் கிடந்த நிழலும் சேர்ந்து, பகல் பதினொரு மணி என்பதையே மறக்கடித்தன.

அந்தப் பட்டனை முதலிலிருந்து பழக்கினான். 'பட்டனை அழுத்தவும்' என்றது திரை. விரல் போய்ச் சேருமுன் 'பதிவானது' என்றது.

எங்கோ வயர் உரசி ஷார்ட்டாகத்தான் இருக்கும். சனியனே என்று திட்டிக்கொண்டே, பட்டன் வயரை இரண்டு முனையிலும் கழற்றித் தனியே எடுத்து மடியில் போட்டு, அதன் இரண்டு இழைகளுக்கு நடுவே மின்தடை மீட்டரை வைத்தான். ஒன்றோடொன்று சேராத இழைகள் எதையும் காட்டக் கூடாது. காட்டியது.

சட்டென்று வெட்கமாகிவிட்டது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவன் செய்கிற தப்பு! செம்புமுனைகளை இரண்டு கைவிரல்களாலும் பிடித்தால், மீட்டர் வயரை விட்டுவிட்டு ஆளின் உடம்பை அளக்கும். கிளிப் மாட்டிவிட்டுக் கைகளை எடுத்தான்.

எண் அப்படியே நின்றது.

யாரோ பிடித்திருக்கும் எண்.

"என்னப்பா ஆச்சு?"

எண் இறங்கியது. பிடி இறுகினால்தான் அப்படி இறங்கும்.

"ஒண்ணுமில்லடா." எண் அசையவில்லை. அவன் பேச்சு அதற்குத் தேவையில்லை.

"அப்பா, பயமா இருக்கு."

இறங்கியது. இன்னும். இன்னும்.

"பேசாத கண்ணு! வாயத் தொறக்காத!"

மீட்டரை முன் சீட்டில் எறிந்துவிட்டு இறங்கி ஓடினான். பின்கதவை இழுத்தான். வரவில்லை. முன்கதவு அவன் பின்னால் சாத்திக்கொண்டது. நான்கு பூட்டும் ஒன்றாக விழுந்தன. சாவி உள்ளே.

கண்ணாடிக்கு அப்பால் அவள் வாய் அசைந்தது. ஐயோ, பேசுகிறாளே. உதட்டில் விரலை வைத்துக் கெஞ்சினான். ஸ்பானரால் கண்ணாடியை அடித்தான். கீறல்கூட விழவில்லை.

முன் சீட்டில் மீட்டரின் எண் மறைந்தது.

அந்தப் பிடி வயரை விட்டுவிட்டது.

மகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்துக் காலி இருக்கையைப் பார்த்தாள். அவளது வலது கை மெல்ல உயர்ந்து நின்றது. அந்தச் சின்ன விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கி, நசுங்கி, ரத்தம் வற்றி வெளுத்தன.